மாடி சொந்தமா, வாடகையா?

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. மாடியப் பெறகு பாக்கலாம், மாடி எங்கயும் ஓடிராது. தரகர் முத்தையா அனுப்புனாருன்னு சொன்னீக. அவரு என்ன சொல்லி அனுப்புனாரு? வீட்டுக்காரரு ஒரு மாதிரின்னு சொல்லியிருப்பாரு. சொல்லலையா? சொல்லியிருப்பாரு, நீங்க மரியாதைக்கு இல்லங்கிறீக. பரவாயில்ல. வீடு பாக்க வர்றவுக, முந்தி இருந்தவுக எதுக்குக் காலி பண்ணுனாகன்னு விசாரிக்கிறது வழக்கந்தான். தண்ணிக் கஷ்டமா, வீட்டுக்காரன் கரைச்சலா, எல்லாத்தையும் பக்கத்து வீட்டுல கேப்பீக. பக்கத்து வீட்டுல கேக்காதீக. அவுக யாருக்கும் என்கூடப் பேச்சுவார்த்தை கிடையாது. என்கிட்டயே கேட்டுக்கங்க, உள்ளதை உள்ளபடி சொல்லுவேன்.

நீங்க தபால் ஆபீஸுக்குப் புதுசா வந்திருக்கீகளாக்கும். நல்லது. கவர்மெண்டு வேலைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நான் முத்திரை ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். கடையில தராசு, படிக்கல்லு, லிட்டர் அளவு எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திரை அடிப்பாகள்ல, அந்த ஆபீஸு. என் காலம் பூராம் பஜார்ல ஏறி இறங்கித்தான் போச்சு. சீனிவாசகம் வாரான்னு தெரிஞ்சா கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே தராசுத் தட்டுக்கு அடியில கைய விடுவான், எடையக் கூட்ட ஒட்டவச்ச புளிய எடுக்க. ஒருத்தன் கடையில ஒரு டீ ஓசியில குடிச்சதில்ல நான். அதனால பஜார்ல சிநேகிதம்னு ஒருத்தனும் கிடையாது. ஊர்ல ஒரு விசேசத்துக்கும் நம்மளக் கூப்பிட மாட்டேங்கிறாகளேன்னு என் வீட்டுக்காரி சடைச்சுக்கிருவா. கூப்பிடாட்டிப் போறாகன்னுருவேன்.

மாடியில இருந்தவ பேரு சங்கரேஸ்வரி. புருசன் வேல்ராஜ், பஞ்சாலையில ஷிப்டு வேலை. குடி வரும்போது கையில ஒரு பிள்ளை, தர்ஷினி, அப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருந்தா. எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வந்த மறுநாளே என் வீட்டுக்காரிய அத்தைன்னா, என்னைய மாமான்னா. எல்லாரும் கூப்பிடுறதுதான, வீட்டு ஓனரக் கொஞ்சம் குளுமையா வச்சிக்கிறணும்ல. நான் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இந்தப் பொண்ணு வருசக்கணக்கா அத விடல. மாடியில ஒரு குழம்பு வச்சா ஒரு கிண்ணம் கீழ வந்துரும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பையத் தூக்கி எறியுறது இந்தக் கட்டில்லதான். தாத்தா தாத்தான்னு என் முதுகுல சாஞ்சுக்கிட்டு வாய்ப்பாடு சொல்லும். ஏழாம் வாய்ப்பாட்டுல ஒரு எடத்துல நிக்கும். தினமும் அதே எடத்துலதான் நிக்கும், நான் எடுத்துக் குடுக்கணும்.

என் வீட்டுக்காரி கடைசியில படுத்த படுக்கையாக் கெடந்தா. ஆம்பளை நான் என்ன செய்ய முடியும், மருந்து வாங்கிட்டு வந்து குடுப்பேன். குளிப்பாட்டுனது, துணி மாத்துனது, தலை சீவி விட்டது அம்புட்டும் சங்கரேஸ்வரிதான். உசுரு போகும்போதும் அவ கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போச்சு, நான் மெடிக்கலுக்குப் போயிருந்தேன். காரியமெல்லாம் முடிஞ்ச பெறகு வேல்ராஜக் கூப்பிட்டேன். இந்தப்பா, உன் சம்சாரம் பட்ட பாட்டுக்கு நான் கடன்காரனா இருக்கக் கூடாது, மூணு மாச வாடகைய நீ குடுக்க வேணாம்னேன். அவன் தலைய ஆட்டிட்டுப் போனான். மறுநாள் காலையில சங்கரேஸ்வரி எறங்கி வந்து, அந்த மாச வாடகைய மேசை மேல வச்சா. வச்ச வேகத்துல மாடி ஏறிட்டா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு, அத்தை போன துக்கம் போல. பரவாயில்லையே, கணக்குன்னா கணக்கா இருக்கணும்னு நெனைக்கிற பொண்ணு, நம்மள மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்.

இனி வீட்டு வரி விசயத்துக்கு வாரேன். ஏன்னா எல்லாத்துக்கும் மூலம் அந்த வரிதான்.

ஒரு நாள் பில் கலெக்டர் எதுத்த வீட்டு ரசீத என் வீட்டுக் கதவு இடுக்குல சொருகிட்டுப் போயிட்டான். எதுத்த வீடுன்னா அந்தா தெரியுதுல்ல, மூணு மாடி, அதுதான். எண்ணெய்க்கடை பால்ச்சாமி வீடு. கீழ கடை, மேல வீடு, அதுக்கு மேலயும் வீடு. ரசீதப் பாத்தா, என் வீட்டு வரியில பாதி கூட வரல. கண்ணாடியத் தொடைச்சுட்டு மறுபடி பாத்தேன். ஓட்டு வீடு, ஒரே தளம்னு போட்டிருக்கு. அந்த ஓட்டு வீட்ட இடிச்சு எந்தக் காலமோ ஆச்சு. இல்லாத வீட்டுக்கு வரி கட்டிக்கிட்டு, இருக்கிற வீட்டுல ஏசி போட்டுப் படுத்திருக்காரு மனுசன்.

பால்ச்சாமி மேல எனக்குப் பழைய காந்தல்னு தெருவுல சொல்லுவாக. கிடையவே கிடையாது. ஒரு தடவை அவரு கடை லிட்டர் அளவுல அடிப்பக்கம் நசுங்கியிருந்ததப் பிடிச்சு எழுதுனேன், அது என் கடமை. அவரு அத மனசுல வச்சுக்கிட்டு என் வீட்டுக்காரி சாவுக்கு வரல. தெருவே வந்துச்சு, எதுத்த வாசல்ல இருந்து அவரு வரல. அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கிறவன் இல்ல.

நேரா நகராட்சிக்குப் போனேன். அங்க உள்ள கிளார்க்கு நிமிந்து கூடப் பாக்காம, அடுத்தவன் வீட்டு வரி உங்களுக்கு எதுக்கு சார்ங்கிறான். அடுத்தவன் வரிய நான் கேக்கலப்பா, தெரு வரியக் கேக்கேன்னேன். எந்த வீடு எத்தனை சதுர அடி, எந்த வருசம் கட்டுனது, குடியிருப்பா கடையா, சொந்தமா வாடகையா, வரி எம்புட்டு, எல்லாத்தையும் எழுதி நாலு பேரு பாக்குற எடத்துல ஒட்டுங்க. ஒட்டிட்டா ஏமாத்துறவன் ஏமாத்த முடியாது, ஏமாந்தவனும் ஏமாந்துக்கிட்டே இருக்க வேணாம். தராச உள்ரூம்ல வச்சு நிறுத்துட்டு, வெளிய வந்து ஒரு கிலோன்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீகளா? இதைத்தான் கேட்டேன். இதுல என்னம்மா தப்பு?

தப்பில்லைன்னு நீங்க சொல்லுறீக. அவுக சொல்லல. அலைய விட்டாக. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டேன், சம்பந்தமில்லாத பதிலா ஒண்ணு அனுப்புனாக. பெறகு திங்கக்கிழமை தவறாம கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போக ஆரம்பிச்சேன். சங்கரேஸ்வரிதான் காலையிலேயே எந்திரிச்சுப் புளிச்சோறு கட்டிக் குடுப்பா. "ஊரு நியாயத்த நீங்க ஒரு ஆளாத் தூக்கிக்கிட்டு அலையிறீகளே மாமா, வெயில்ல எங்கயாச்சும் மயங்கி விழுந்தீகன்னா யாரு பாக்குறது, நாங்கதான பாக்கணும்"னு வைவா. எனக்கு அந்த வசவு பிடிச்சிருந்துச்சு. நம்மள வையிறதுக்குன்னு ஒரு ஆள் வீட்டுல இருக்கணும்மா. இப்பத்தான் தெரியுது.

கடைசியில கலெக்டர் ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்துச்சு. எங்க தெரு பூராம் புதுசா அளக்கணும், அளந்தத சுவத்துல ஒட்டணும், ஆட்சேபணை இருந்தா சனங்க எழுதிக் குடுக்கலாம்னு. ஜெயிச்சுட்டேன்ல. அன்னைக்கு ராத்திரி தர்ஷினிக்கு மிச்சர் பாக்கெட்டு வாங்கிட்டு வந்தேன்.

ஆனா அளக்க வந்தாம்பாருங்க, வந்தது ஒரு திங்கக்கிழமை. நான் இன்னொரு மனுவோட கலெக்டர் ஆபீஸ்ல நிக்கேன். டேப்பத் தூக்கிட்டு ரெண்டு பேரு வந்திருக்காக. சங்கரேஸ்வரி கதவத் தொறந்து விட்டு, டீ போட்டுக் குடுத்து, டேப்போட ஒரு நுனியப் பிடிச்சு அளக்கவும் ஒத்தாசை பண்ணியிருக்கா. எல்லாம் முடிஞ்சு கெளம்பும்போது ஒருத்தன் கேட்டிருக்கான், ஏம்மா, மாடி சொந்தமா வாடகையான்னு. இவ சொல்லியிருக்கா, சொந்தந்தான் சார்னு. அவனும் எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

உங்களுக்கு இதுல விவரம் தெரியணும். சொந்தம்னா வீட்டுக்காரரே குடியிருக்காருன்னு அர்த்தம், அதுக்கு வரியில கொஞ்சம் கழிவு உண்டு. வாடகைன்னா அந்தக் கழிவு கிடையாது. அவன் வீட்டக் கேட்டான். இவ என்ன நெனச்சுக்கிட்டான்னா, கீழ இருக்கிற மனுசரு உங்களுக்குச் சொந்தமான்னு கேக்கான்னு. சாயங்காலம் நான் வந்ததும் டீ போட்டுக் குடுத்ததச் சொன்னா, டேப்பு பிடிச்சதச் சொன்னா, இத மட்டும் சொல்லல. அவளுக்கு அது சொல்லுற அளவுக்கு ஒரு விசயமாவே தெரியல போலிருக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு ரேஷன் கடைச் சுவத்துல ஒட்டுனாக. தெருவே அங்கதான் நின்னுச்சு. அவுக அவுக வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டத்தான் எல்லாரும் தேடுறாக. நானும் போனேன். எனக்கு வழி விட்டாக தெரியுமா? பொய் சொல்லல, வழி விட்டாக. மொத மொத இந்த ஊர்ல ஒரு கூட்டம் எனக்கு வழி விட்டது அன்னைக்குத்தான். நான் பால்ச்சாமி வீட்டத் தேடிக்கிட்டு இருக்கேன், அவரு முன்னால நின்னுக்கிட்டு என் வீட்டத் தேடி எடுத்து வாசிக்காரு.

"சீனிவாசகம், உம்ம வீட்டப் பாருமய்யா. கீழ்த்தளம் சொந்தம். மேல்தளமும் சொந்தம். மாடியில வாடகைக்கு ஆளு இருக்கிறது தெருவுக்கே தெரியும். ஊருத் தராசெல்லாம் பாத்த மனுசன், உம்ம தட்டுக்கு அடியில எம்புட்டுப் புளி?"

எல்லாரும் சிரிக்காக. நான் கிட்டப் போயிப் பாக்கேன், சொந்தம்னுதான் போட்டிருக்கு. அதோட விடல அவரு. குரலத் தணிக்கிற மாதிரி தணிச்சுக்கிட்டு, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "அவுக உமக்கு எந்த வகையில சொந்தம்? பொண்ணு குடுத்த வகையா, எடுத்த வகையா?"ன்னாரு. அதுக்குச் சிரிச்சாக பாருங்க ஒரு சிரிப்பு. அவுக வேற ஆளுக, நாங்க வேற ஆளுக, அது தெருவுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாதும்மா, அவ கையாலதான் இத்தனை வருசம் சாப்பிட்டிருக்கேன். ஆனா நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டா உடம்பு கூசிப்போகும்ல.

வீட்டுக்கு வந்து மாடியப் பாத்துச் சத்தம் போட்டேன். சங்கரேஸ்வரி ஈரக் கையோட எறங்கி வந்தா. "ஆமா மாமா, சொந்தம்னுதான் சொன்னேன். பெறகு என்ன சொல்ல?"ன்னா. நான் விவரத்தச் சொன்னதும் சிரிப்பு தாங்கல அவளுக்கு. "அவன் வீட்டையா கேட்டான், நான் நம்மளக் கேக்கான்னுல்ல நெனச்சேன்"னு அப்படியே படியில உக்காந்து சிரிக்கா. வேல்ராஜும் மேல நின்னு சிரிக்கான். எனக்குச் சிரிப்பு வரல. நான் கொஞ்சம் வஞ்சுட்டேன். படிச்ச பொண்ணுதான நீ, ஒருத்தன் கேள்வி கேட்டா என்ன கேக்கான்னு யோசிச்சுப் பதில் சொல்ல மாட்டியான்னு. அவ அதுக்கும் கோவிச்சுக்கல. "சரி மாமா, நானே வந்து ஆபீஸருகிட்ட தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடுறேன், நீங்க பிரசர ஏத்திக்காதீக"ன்னுட்டுப் போனா.

ஆட்சேபணை விசாரணை நகராட்சி ஹால்ல வச்சாக. நானும் அவளும்தான் போனோம். தீபாவளிக்கு எடுத்த சேலையக் கட்டிக்கிட்டு, தலையில பூ வச்சுக்கிட்டு வந்தா. எதுக்கு இந்த அலங்காரம்னு கேட்டேன். "மாமா கூட ஆபீஸுக்குப் போறேன்ல, நாலு பேரு பாப்பாகள்ல"ன்னா. எங்க தெரு ஆளுக அம்புட்டுப் பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தாக. பால்ச்சாமி சரியா எனக்குப் பின்னால.

எங்க வீட்டு முறை வந்துச்சு. ஆபீஸர் நல்ல மனுசன், சின்ன வயசு. நீங்கதான சொந்தம்னு சொன்னதுன்னு அவளக் கேட்டாரு. அவ எந்திரிச்சு நின்னு தெளிவாத்தான் சொன்னா.

"ஆமா சார். நாங்க வாடகை குடுத்துத்தான் இருக்கோம். நாந்தான் கேள்வி புரியாமச் சொல்லிட்டேன், மாத்தி எழுதிக்கங்க. ஆனா சார், நான் சொன்னது பொய்யில்ல. மாமா எங்களுக்குச் சொந்தந்தான்."

ஆபீஸருக்கே சிரிப்பு வந்துருச்சு. சரிம்மா, வாடகைன்னு திருத்திக்கிறேன், உக்காருங்கன்னாரு. அதோட முடிஞ்சுச்சுன்னுதான் தரகர் முத்தையாவும் சொல்லுவாரு. அதான் திருத்திட்டாகளே, நீ எதுக்கு எந்திரிச்சன்னு கேப்பாரு. எப்படிம்மா எந்திரிக்காம இருக்கிறது? பின்னால பால்ச்சாமி தொண்டையக் கனைக்காரு. அவரு பக்கத்துல யாரோ சொந்தமாம்ல, சொந்தமாம்லன்னு மூக்குக்குள்ள சிரிக்கான். நாளைக்கு என்ன பேசுவாக? வரிக் கழிவுக்காக மாடியில உள்ளவளச் சொந்தம்னு சொல்லச் சொல்லிப் பழக்கி வச்சிருக்கான்னு பேச மாட்டாகளா? நான் ஊரு பூராத்துக்கும் நியாயம் கேட்டவன். என் பேருல ஒரு பொட்டுக் கறை இருக்கலாமா?

எந்திரிச்சேன். நல்லாச் சத்தமாத்தான் சொன்னேன், பின் பெஞ்சு வரைக்கும் கேக்கணும்னு. "சார், இந்தப் பொண்ணு எனக்கு எந்த வகையிலயும் சொந்தம் கிடையாது. மாசம் பொறந்தா வாடகை குடுக்கிறவ, நான் வாங்குறவன். அம்புட்டுத்தான் எனக்கும் அவளுக்கும். அப்படியே எழுதிக்கங்க."

ஆபீஸர் என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு எழுதுனாரு. எழுதினத வாசிச்சுக் காமிச்சாரு. நான் கையெழுத்துப் போட்டேன். கூட வந்தவுகளும் போடணும்னு அவகிட்டயும் நீட்டுனாரு. அவளும் போட்டா. அழகாப் போடுவா கையெழுத்து. ஹால்ல கை தட்டுனாக தெரியுமா? பால்ச்சாமியே எந்திரிச்சு வந்து கையக் குடுத்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா, இத்தனை வருசம் கழிச்சு ஊரு என்னைய மதிச்சுருச்சேன்னு. திரும்பிப் பாத்தா சங்கரேஸ்வரியக் காணோம். வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு நின்னா. "பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா, நீங்க இருந்து வாங்க மாமா"ன்னுட்டு விறுவிறுன்னு போயிட்டா. மாமான்னு அவ கூப்பிட்டது அதுதான் கடைசி. அப்ப நான் அதக் கவனிக்கல, இப்ப யோசிக்கும்போதுதான் தெரியுது.

பெறகு சார்னா. மோட்டர் போடட்டுமா சார், பால்காரன் வந்திருக்கான் சார். நானும் சரி, மரியாதையாத்தான கூப்பிடுறான்னு இருந்துட்டேன். குழம்புக் கிண்ணம் நின்னுபோச்சு. விலைவாசி ஏறிக் கெடக்கு, அவளுக்கும் கஷ்டமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து நேரா மாடிக்குப் போயிரும். ட்யூசன் வச்சிருக்கோம் சார்னாக. ட்யூசன்ல என்னைய விட நல்லாச் சொல்லிக் குடுக்கானாக்கும்.

நான் ஒண்ணுமே சண்டை போடலையேம்மா. என்ன கோவம்னு ஒரு நாள் வேல்ராஜக் கேட்டேன். அவன் சைக்கிளத் தொடைச்சுக்கிட்டே, "கோவமெல்லாம் இல்ல சார், நீங்க உள்ளதத்தான சொன்னீக"ன்னான். நானும் அதத்தான சொல்லுறேன். அப்ப எதுக்குக் காலி பண்ணுனாக? மில்லுப் பக்கத்துலயே வீடு கெடைச்சிருக்குன்னாக. இத்தனை வருசம் மில்லு என்ன வேற ஊர்லயா இருந்துச்சு? அட்வான்ஸ திருப்பிக் குடுத்தேன். வெள்ளையடிக்கன்னு ஒரு பைசா பிடிக்கல, எல்லா வீட்டுக்காரனும் பிடிப்பான். எண்ணிப் பாத்துக்கம்மான்னேன். எண்ணாமலேயே வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. தர்ஷினி வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னையவே பாத்துச்சு. கிட்ட வரல. அவ அம்மா அதோட கையப் பிடிச்சிருந்தா.

வரி என்னாச்சுன்னு கேக்க மாட்டீகளா? ஜெயிச்சுருச்சு. எல்லாம் சரியாப் போச்சு. பால்ச்சாமிக்கு மூணு தளத்துக்கும் வரி போட்டாக, கடைக்குத் தனியா. தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுகோல். ஆனா அளவுகோல்னா அது ஆளு பாக்காதுல்ல. கடைசி வீட்டு இட்லிக்காரம்மா வாசல்ல அடுப்பு வச்சிருக்கு, அதையும் கடைன்னு எழுதிட்டாக. அந்தம்மா வந்து என் வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துச்சு. நான் என்ன பண்ண? நான் அளக்கச் சொன்னேன், அடுப்ப எழுதுன்னா சொன்னேன்? அதுக்கும் ஆட்சேபணை எழுதிக் குடுக்கேன்னு சொன்னேன், நீரு எழுதிக் கிழிச்சது போதும்னுருச்சு. இப்ப இட்லி வாங்கப் போனா, தீந்துபோச்சுங்குது. கண்ணு முன்னால ஆவி பறக்க அடுக்கி வச்சிருக்கு, தீந்துபோச்சுங்குது. கை தட்டுன ஆளுக ஒருத்தரும் இப்ப பேசுறதில்ல. அவுக அவுக வீட்டு வரி கூடின பெறகு, எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்னு ஆயிப்போச்சு. கடையில பன்னு வாங்கி வச்சுக்கிறேன் காலையில. அது ரெண்டு நாளைக்குக் கெட்டுப்போகாது.

வீடு பாக்க ஆளுக வர்றாக, போறாக. வர்றவுககிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன், மறைக்கிற பழக்கம் கிடையாது. கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்லுறோம் சார்ங்கிறாக. யோசிச்சு யாரும் திரும்பி வரல. வாடகைக்காக நான் விடலம்மா, பென்சன் எனக்குப் போதும். மேல ஆளு நடக்குற சத்தம் கேக்கணும். பாத்திரம் விழணும், பிள்ளை ஓடணும், கதவ அடிச்சுச் சாத்தணும். ஒண்ணுமே கேக்கலைன்னா, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

போன வாரம் கண்ணாஸ்பத்திரியில அவளப் பாத்தேன்.

ஆமா, சங்கரேஸ்வரிய. கண்ணுல மருந்து விட்டு உக்கார வச்சிருந்தாக, எல்லாம் மங்கலாத் தெரியுது. ஆனா குரல் தெரியும்ல. வேல்ராஜோட மில்லுல வேலை பாக்குற ஒரு பொம்பளையோட வந்திருந்தா, தர்ஷினியும் இருந்துச்சு. பிள்ளை நல்லா வளந்துருச்சு. நாந்தான் எந்திரிச்சுப் போனேன், சுவத்தப் பிடிச்சுக்கிட்டே போனேன். சங்கரேஸ்வரின்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தவ, பதறிப்போயி என் கையப் பிடிச்சு உக்கார வச்சா. "தனியாவா வந்தீக? மருந்து விட்டா கண்ணு தெரியாதே, துணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வரக் கூடாதா சார்"னா. யார நான் கூட்டிட்டு வர? சும்மா சிரிச்சு வச்சேன். குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வந்து குடுத்தா. கோவமெல்லாம் இல்ல. ஒரு சொட்டு கோவம் கூட இல்லம்மா அவகிட்ட. கோவமா இருந்திருந்தாக் கூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

கூட வந்த பொம்பளை என்னையப் பாத்துட்டு, யாரு சங்கரி இது, உங்க சொந்தக்காரரான்னு கேட்டுச்சு.

நான் அவ வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு சரியாத் தெரியலைன்னாலும் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"இல்லக்கா. முந்தி நாங்க வாடகைக்கு இருந்த வீட்டு ஓனரு. ரொம்ப நியாயமான மனுசன். அட்வான்ஸ்ல ஒரு பைசா பிடிக்கல"ன்னா. மனசாரத்தான் சொன்னா. பெறகு பிள்ளையப் பாத்து, வணக்கம் சொல்லுடின்னா. தர்ஷினி ரெண்டு கையும் சேத்து, வணக்கம் சார்னுச்சு.

உள்ளதத்தான சொன்னா. நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, அதுல ஒரு எழுத்துக் கூட அவ மாத்திச் சொல்லல. தப்புன்னு நான் சொல்ல முடியுமா? ஆனா வீட்டுக்கு வந்து சேந்ததுல இருந்து என்னால தாங்க முடியலம்மா. வரியில தப்பு இருந்தா நகராட்சியில போயி ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம், வாங்கி வச்சுக்கிட்டு ஒரு நாள் கூப்பிட்டுக் கேப்பாக. இதுக்கு நான் எங்க போயி எழுதிக் குடுக்க?